‘சிரியாவுக்குப் போகாது’ என்ற ஒரு வரி

அலுவலகத்துக்குப் புதிய கையேடு தயாரிக்கிறார்களாம். துபாய் ஜெபல் அலித் துறைமுகத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ஜாஸ்மின் போனில் கூப்பிட்டாள். “சார், எல்லாத்தையும் கம்ப்யூட்டரே செக் பண்ணிடுது, அப்புறம் எதுக்கு ரெண்டு பேர் உக்காந்து பேப்பரை வாய்விட்டு வாசிக்கணும்னு எல்லாரும் கேக்குறாங்க. நீங்க அரைப் பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னா சேத்துக்குவோம்” என்றாள். அரைப் பக்கமாம். இருபத்தேழு வருஷம் அந்த மேசையில் தொண்டை வறண்டவன் நான். எனக்குச் சுள்ளென்று வந்தது. “அரைப் பக்கத்துல அடங்குற சங்கதி இல்லம்மா அது. நான் எழுதுதேன், நீ வெட்டிக்கோ” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இதில் அவள் எதை வெட்டுவாள் என்று பார்க்கிறேன்.

நான் வேலை கற்றுக்கொண்டது தூத்துக்குடி துறைமுகத்தில், ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம். பில் டைப் அடிப்பது, கஸ்டம்ஸ் வாசலில் வெயிலில் நிற்பது, திட்டு வாங்குவது, இந்த மூன்றும்தான் படிப்பு. பிறகு விசா கிடைத்து ஜெபல் அலிக்கு வந்தேன். எங்கள் கம்பெனி அடுத்தவர்களின் சரக்கை நாடு நாடாக அனுப்பிக் கொடுக்கும் ஏஜென்சி. அதில் எனக்குக் கிடைத்த வேலை வினோதமானது. மற்றவர்கள் எல்லாம் சரக்கை அனுப்பச் சம்பளம் வாங்கினார்கள். நான் நிறுத்தச் சம்பளம் வாங்கினேன்.

உலக நாடுகள் சில நாடுகள்மீது பொருளாதாரத் தடை போடும். இன்ன நாட்டுக்கு இன்ன பொருள் போகக்கூடாது, இன்னாரோடு வியாபாரம் கூடாது என்று பட்டியல் வரும். ஒவ்வொரு சரக்கும் கிளம்புவதற்கு முன்னால் அதன் காகிதங்கள் என் மேசைக்கு வரும். யாருக்குப் போகிறது, என்ன பொருள், எந்த ஊர், எதற்கு. இந்த நாலு கேள்விக்கும் பதில் சுத்தமாக இருந்தால் விடுவேன். இல்லையென்றால் சிவப்பு டேப். கிடங்கில் சரக்கைச் சுற்றி ‘ஹோல்ட்’ என்று அச்சடித்த அந்த டேப்பை ஒட்டிவிட்டால் கம்பெனி முதலாளியே வந்தாலும் தொட முடியாது. வாடிக்கையாளர்கள் எனக்கு வைத்த பெயர் ‘மாஃபி மைக்கேல்’. மாஃபி என்றால் அரபியில் இல்லை என்று அர்த்தம். பெற்றவர்கள் வைத்த பெயர் மிக்கேல். அதை யாருமே கூப்பிட்டதில்லை.

எங்கள் பிரிவுக்குத் தலைவராக ரீம் மேடம் வந்தபோது எனக்குப் புகைச்சல்தான். ஜோர்டான்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஒரு ஸ்டீல் ஸ்கேல், சீவிய பென்சில் இரண்டு, சர்க்கரை இல்லாத ஏலக்காய்க் காப்பி ஒரு சின்னக் கோப்பையில். மேசையில் இவ்வளவுதான் இருக்கும்.

அவர் வாயிலிருந்து ‘முடியாது’ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. வாடிக்கையாளர் எவ்வளவு கத்தினாலும் கம்ப்யூட்டர் திரையை அந்த ஆள் பக்கம் திருப்பி வைப்பார். “வாசிங்க” என்பார். சட்டத்தின் அந்த வரியை அந்த ஆளே தன் வாயால் வாசிக்க வேண்டும். பாதி வரியிலேயே குரல் இறங்கிவிடும். நான் மணிக்கணக்காகச் சண்டை போட்டு அனுப்பிய ஆட்களை அவர் காப்பி ஆறுவதற்குள் அனுப்பிவிடுவார். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் புகைச்சல் அப்படித்தான் எனக்கு அடங்கியது.

வாய்விட்டு வாசிக்கும் முறையைக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஒருவர் அசல் காகிதத்தை உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர் நகலில் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, காதில் விழுந்ததும் கண்ணில் தெரிவதும் ஒன்றுதானா என்று பார்த்து டிக் போட வேண்டும். தலைப்பில் ஆரம்பித்து அடியில் உள்ள கடைசி வரி வரை. “கண் தனக்குப் பிடிச்சதைத்தான் பார்க்கும் மைக்கேல். காது அப்படி இல்லை” என்பார். பெரும்பாலும் நான் வாசிப்பேன், அவர் டிக் போடுவார்.

அந்தக் கடைசி வரிக்கு ஒரு கதை உண்டு. வேறு நாட்டுக்கு என்று சொல்லி எங்கள் மூலம் போன ஒரு சரக்கு, சுற்றி வளைத்துச் சிரியாவுக்குப் போகிற வழியில் பிடிபட்டது. கம்பெனிக்குக் கடுமையான எச்சரிக்கை வந்தது. அதிலிருந்து எங்கள் ஏற்றுமதி உறுதிமொழிப் படிவம் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி சேர்ந்தது: ‘இந்தச் சரக்கு நேராகவோ வேறு நாடு சுற்றியோ சிரியாவுக்குப் போகாது என்று உறுதி கூறுகிறேன்.’ எழுதியது நான். வாடிக்கையாளர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். ஒரு தடவை எங்கள் ஆள் ஒருவர் வாடிக்கையாளரின் தொல்லை தாங்காமல் அந்த வரியை அழித்துக் கொடுத்துவிட்டார். நான் ஆடித் தீர்த்துவிட்டேன். மேடமும் நானும் இரண்டு பேரும் சேர்ந்து பாஸ்வேர்டு போட்டு, காரணமும் எழுதினால் ஒழிய அழிக்க முடியாதபடி சிஸ்டத்தில் அந்த வரியைப் பூட்ட வைத்தேன். பிறகு ஒரு நாளைக்கு இருபது தடவை, முப்பது தடவை அதை வாசித்தேன். கோயிலில் மன்றாட்டு முடிவில் ஆமென் சொல்வதைப்போல அது வாயிலிருந்து தானாக வர ஆரம்பித்துவிட்டது.

மாஹிர் என்ற சிரியாக்காரரும் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர்தான். ஷார்ஜாவில் ஆஸ்பத்திரிக் கருவிகள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். கென்யாவுக்கும் ஓமனுக்கும் எங்கள் மூலம் கருவிகள் அனுப்புவார். சொந்த நாட்டுக்கு ஒன்றும் அனுப்ப மாட்டேன் என்று ஒவ்வொரு தடவையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எனக்கும் அது ஒன்றும் உறைக்கவில்லை.

சிரியாவில் ஆட்சி மாறுவதற்கு ஐந்து வருஷம் முன்னால் ஒரு நாள் அவர் ஒரு பெரிய மரப்பெட்டியோடு வந்தார். டயாலிசிஸ் பிரிவுக்கு வேண்டிய தண்ணீர் சுத்திகரிப்பு யூனிட். எங்கே என்று கேட்டேன். “என் ஊருக்கு, மைக்கேல் பாய். ஹோம்ஸ் பக்கம்” என்றார். அவருடைய அக்கா ஹனான் அங்கே அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நர்ஸ். பிரிவில் ஆறு மெஷின்கள் இருக்கின்றன. தண்ணீர் யூனிட் உடைந்துபோய், பழையது ஒன்றை ஒட்டுப்போட்டு ஓட்டுவதில் இரண்டு மெஷினுக்குத்தான் தண்ணீர் காணும். வருகிற நோயாளிகளில் இன்றைக்கு யாரைப் படுக்க வைப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று ஹனான்தான் முடிவு செய்ய வேண்டும். “அக்கா தினமும் அதைச் சொல்லி அழுவா” என்றார் மாஹிர்.

மருந்துக்கும் ஆஸ்பத்திரிக் கருவிக்கும் தடையில் விலக்கு உண்டு. அதனால் எனக்கும் நம்பிக்கைதான். ஆனால் பம்பு மாட்டிக்கொண்டது. அரிக்காத உலோகத்தில் செய்த இத்தாலி பம்பு. அந்த மாதிரிப் பம்பை ஆயுதம் செய்கிற இடத்திலும் பயன்படுத்தலாமாம். சிஸ்டம் சிவப்பு காட்டியது. நான் டேப் ஒட்டினேன்.

மேடம் திரையைத் திருப்பினார். மாஹிர் வாசித்தார், முழுசாக, குரல் இறங்காமல் வாசித்தார். “இது ஆஸ்பத்திரிக்குன்னு நான் காட்டினா?” என்று கேட்டார். “காட்டுங்க. நானும் கூட நிக்கிறேன்” என்றார் மேடம். சொன்னபடி நின்றார். ஆஸ்பத்திரிக் கடிதம், பொருளை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்ற உறுதிமொழி, படங்கள், ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். அனுமதி கிடைக்கிற நேரத்தில் பேங்க் மறுத்தது. பேங்க் ஒரு வழியாக இறங்கி வந்தபோது லாரிக் கம்பெனி மறுத்தது. சட்டம் அனுமதிக்கிறது சார், எங்கள் கம்பெனிக் கொள்கை அனுமதிக்கவில்லை என்றார்கள். அதற்குள் கையெழுத்துப் போட்ட ஆஸ்பத்திரி அதிகாரி மாற்றலாகிப் போனார், எல்லாக் காகிதமும் முதலிலிருந்து. மூன்று தடவை இப்படிச் சுற்றிவந்தோம்.

வீட்டில் என் மனைவி ஸ்டெல்லாவும் டயாலிசிஸ் நர்ஸ், துபாயில் ஒரு ஆஸ்பத்திரியில். ஷார்ஜா முவைலாவில் எங்கள் ஃபிளாட்டில் சோறு போட்டுக்கொண்டே கேட்பாள். “அந்தப் பொட்டி போச்சா?”

“போகல. ரூல் அப்படி இருக்கு.”

“என்ன ரூலோ. ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்குக் குடங்குடமாத் தண்ணி ஓடணும் தெரியுமா. அந்தத் தண்ணி சரியில்லன்னா மெஷினு வெறும் தகர டப்பாதான். நீங்க என்னன்னா டேப் ஒட்டுனேன்னு சொல்லுதிய.”

“நான் என்ன, ஆசைப்பட்டா ஒட்டுனேன்?”

“ஒட்டுன கைதானே உரிக்கணும். உரிங்க” என்பாள்.

கடைசியில் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும்படி மாஹிரிடம் சொன்னோம். அவர் மறுத்துவிட்டார். “எடுத்துட்டுப் போனா அது முடிஞ்சு போச்சுன்னு ஆகிடும் பாய். இங்கேயே இருக்கட்டும்” என்றார். கிடங்குக்காரர்கள் இடம் கேட்டபோதெல்லாம் மேடம் ஏதாவது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அவர்களைச் சமாளித்தார். பெட்டி எட்டாவது வரிசையில் அப்படியே கிடந்தது.

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முனியசாமி ராமநாதபுரம் பக்கத்து ஆள். அதற்கு முன்னால் ருவைஸ் எண்ணெய் ரிஃபைனரியில் பம்பு மெக்கானிக்குகளுக்கு உதவியாளாக இருந்தவர். ஒரு நாள் காலையில் நானும் மேடமும் சரக்குப் பார்வையிடப் போனபோது, எட்டாவது வரிசையில் அவர் குனிந்துகொண்டிருக்கிறார். சிவப்பு டேப்புக்குக் கீழே ஒரு பலகையைக் கழற்றிவிட்டு, உள்ளே கையை விட்டு எதையோ திருகிக்கொண்டிருக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஹோல்ட் சரக்கைத் தொட்டால் வேலை போகும்.

“முனியசாமி, என்னப்பா பண்ற?”

அவர் பதறவில்லை. “பம்பு சாஃப்டைச் சுத்தி விடுறேண்ணே. சும்மா கெடந்தா இறுகிப் போயிரும். மாசம் ஒருக்காச் சுத்தணும். ருவைஸ்ல அப்படித்தான் செய்வாய்ங்க.”

“எத்தனை மாசமா நடக்குது இது?”

“பொட்டி வந்ததுலருந்துதான். ஆசுபத்திரிச் சாமான்னு சொன்னாய்ங்க. என்னைக்கோ ஒரு நா போகும்ல, போறப்ப ஓடணும்ல.”

நான் மேடத்துக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போதே, இந்த ஆளை எப்படிக் காப்பாற்றுவது என்று மனசு ஓடியது. மேடம் பெட்டியையும் முனியசாமியையும் மாறி மாறிப் பார்த்தார். விறுவிறுவென்று அலுவலகத்துக்குத் திரும்பினார். அரை மணி நேரத்தில் ஒரு புதிய படிவத்தோடு வந்தார். தலைப்பு ‘மாதாந்திரப் பரிசோதனை’. பரிசோதிப்பவர் என்ற இடத்தில் முனியசாமி பெயர். “இனிமே சுத்தினதும் தேதி போட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க” என்றார். அதற்குப் பிறகு அந்தப் படிவத்தில் ஒரு மாதம்கூட விட்டுப்போகவில்லை.

ஒரு டிசம்பரில் சிரியாவில் ஆட்சி கவிழ்ந்தது. மறுநாள் மாஹிர் ஒரு தட்டு நிறைய பக்லாவா இனிப்போடு அலுவலகத்துக்கு வந்து எல்லாரையும் கட்டிப்பிடித்தார். என்னையும்தான். “கலாஸ், பாய், கலாஸ். முடிஞ்சது. டேப்பை எடுங்க” என்றார். மேடம் அதில் ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, “ஆட்சி உங்க ஊர்ல மாறிடுச்சு, மாஹிர். என் ஸ்கிரீன்ல இன்னும் மாறல” என்றார். அந்தத் துண்டை அவர் அன்றைக்குத் தின்னவில்லை.

தடை என்பது விளக்கு ஸ்விட்ச் இல்லை, அணைத்தால் அணைந்துவிட. அடுத்த கோடை தொடங்கும்போது சவூதியின் ரியாத்துக்கு வந்த வல்லரசுத் தலைவரிடமிருந்து அறிவிப்பு வந்தது, தடையெல்லாம் நீங்கப்போகிறது என்று. ஐரோப்பாவும் சொன்னது. ஆனால் அறிவிப்பு வேறு, ஆணை வேறு. ஆணை வந்த பிறகும் பட்டியலிலிருந்து பெயர்கள் நீங்க வேண்டும், சில பெயர்கள் நீங்கவே நீங்காது, அவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பம்பு மாதிரிப் பொருள்களுக்குத் தனி விதி. நான் தினமும் காலையில் டீ குடிப்பதற்கு முன்னால் பட்டியலைத் திறந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் பம்புக்கு வழி திறந்திருந்தது. திரும்பத் திரும்ப மூன்று தடவை வாசித்தேன். பிறகு ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து, “உரிக்கப் போறேன்” என்றேன். “தண்ணி வடிகட்டுற மெம்ப்ரேன் புதுசாப் போடச் சொல்லுங்க, பழசு செத்துப்போயிருக்கும்” என்றாள்.

அதற்குப் பிறகு நடந்த சண்டைகளைப்போல என் வாழ்நாளில் எதையும் நான் அனுபவித்துச் செய்ததில்லை. இத்தனை வருஷம் போகாது, போகாது என்று வாதாடிய வாய், இப்போது போகும் என்று வாதாடியது. இன்ஷூரன்ஸ்காரர் ஒப்புக்கொண்டார். லாரிக் கம்பெனி ஒப்புக்கொண்டது. பேங்கில் ஒரு அதிகாரி மட்டும் பிடிவாதம் பிடித்தார்.

“சார், அந்த நாடு எங்க சிஸ்டத்துல ஹை ரிஸ்க்” என்றார் போனில்.

“இருக்கட்டும். என்ன ஆணை தடுக்குதுன்னு சொல்லுங்க.”

“பொதுவாத் தடை இருக்கே சார்.”

“பொதுவால்லாம் கிடையாது. நான் அனுப்பின ஆணையைத் திறந்திருக்கீங்களா? எட்டாவது பத்தி. வாசிங்க.”

“சார்?”

“வாய்விட்டு வாசிங்க. நான் கேக்குறேன்.”

வாசித்தார். பாதி வரியில் குரல் இறங்கியது. எதிர் மேசையில் ரீம் மேடம் காப்பிக் கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். மாஃபி மைக்கேலுக்கு அன்றைக்குக் கிடைத்த சந்தோஷம் வேறு எந்தப் பதவி உயர்விலும் கிடைத்ததில்லை.

பெட்டி லாரியில் சவூதி, ஜோர்டான் வழியாகப் போக வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை இடம் கிடைத்தது. மதியம் பன்னிரண்டுக்கு லாரி கேட்டைத் தாண்டிவிட வேண்டும். தவறினால் அந்த வழியில் அடுத்த லாரி இரண்டு வாரம் கழித்துத்தான். மாஹிர் அன்று மாலையே விமானம் ஏறுகிறார். போர் தொடங்கிய பிறகு முதல் தடவையாக ஊருக்குப் போகிறார், யூனிட்டைத் தன் கையாலேயே மாட்டப் போகிறார். ஹனான் நோயாளிகளிடம் சொல்லிவிட்டாளாம், தண்ணீர் வருகிறது என்று.

காலை பத்து மணிக்கு நானும் மேடமும் வாசிக்க உட்கார்ந்தோம். அலுவலகமே சுற்றி நின்றது. சிஸ்டத்தில் அந்த நாட்டின் பெயரைத் திறந்துவிட்டிருந்தோம், பெறுபவர் பெயர், பொருளின் பெயர், எல்லாம் சரி. நான் கணீரென்று வாசித்தேன். மேடம் டிக் டிக்கென்று போட்டுக்கொண்டே வந்தார். கடைசி வரி வரை வாசித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அச்சடித்து, முத்திரை குத்தி, மாஹிர் முன்னால் வைத்தேன்.

அவர் பேனாவை எடுத்தார். படித்தார். பேனாவை வைத்துவிட்டார்.

“என்ன மாஹிர் பாய், கையெழுத்துப் போடுங்க. நேரமாகுது.”

“போட மாட்டேன்.”

நான் கேலி என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் கேலி இல்லை, வெளுத்துப்போயிருந்தது. மணி பதினொன்று. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. “ஆறு வருஷம் என் உயிரை எடுத்தீங்க. லாரி வாசல்ல நிக்குது. இப்ப வந்து போட மாட்டேன்னா என்ன அர்த்தம்? பேங்க்காரன்கிட்ட தொண்டை கிழியக் கத்தினவன் நான்” என்று இந்தியில் பொரிந்தேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. “எத்தனையோ தடவை இதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டேன் பாய். நீங்க கேட்ட போதெல்லாம் போட்டேன். இன்னைக்கு மட்டும் போட மாட்டேன். அனுப்ப இஷ்டமில்லன்னா நேரா சொல்லுங்க.”

எதற்குக் கீழே என்கிறார் இந்த மனிதர் என்று எனக்குப் புரியவே இல்லை. மேடத்துக்கும் புரியவில்லை. அவர் தாளை இழுத்து என் முன்னால் வைத்தார். ஸ்கேலை எடுத்தார். “வாசிங்க, மைக்கேல்” என்றார்.

மறுபடியும் தலைப்பிலிருந்து வாசித்தேன். எரிச்சலில் வேகமாக வாசித்தேன். கடைசி வரி வந்தபோது வாய் தானாக ஓடியது. மேடம் ஸ்கேலால் மேசையில் தட்டினார். “மெதுவா. ஒவ்வொரு சொல்லா.”

“இந்தச் சரக்கு,” என்றேன். “நேராகவோ. வேறு நாடு சுற்றியோ.” அடுத்த சொல்லைச் சொல்ல வாய் வரவில்லை.

சிரியாவுக்குப் போகாது. சிரியாவுக்குப் போகிற பெட்டியின் காகிதத்தில், சிரியாவுக்குப் போகாது என்று எழுதி, முத்திரையும் குத்தி, அந்தச் சிரியாக்காரர் முன்னாலேயே வைத்திருக்கிறேன். வாய்விட்டு வாசித்திருக்கிறேன். மேடம் கேட்டு டிக் போட்டிருக்கிறார். பத்துப் பேர் சுற்றி நின்று கைதட்டியிருக்கிறார்கள். ஒருவர் காதிலும் விழவில்லை. அந்தத் தாள் அப்படியே போயிருந்தால் முதல் எல்லையிலேயே பொய் உறுதிமொழி என்று லாரியை நிறுத்தியிருப்பார்கள். பெட்டி இன்னும் எத்தனை வருஷம் எங்கே கிடந்திருக்குமோ. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மாஹிரின் கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிருங்க பாய். வேணும்னு செய்யல. எனக்குக் காதுல விழல” என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. மேடமும் சிரித்தார். “என் டிக்கைப் பாருங்க, எவ்வளவு அழகாப் போட்டிருக்கேன்” என்றார்.

ஆனால் அந்த வரியை அழிக்க வேண்டுமே. நானே கேட்டு வாங்கிய பூட்டு. நான் பாஸ்வேர்டு போட்டேன். காரணம் கேட்டது. ‘தடை நீங்கியது’ என்று அடித்தேன். காரணம் போதுமான அளவு விளக்கமாக இல்லை என்று திருப்பி அனுப்பியது. இதைவிட என்ன விளக்கம் வேண்டும் என்று கம்ப்யூட்டரைத் திட்டிவிட்டு, ‘தடை நீங்கியது. இந்தச் சரக்கு சிரியாவுக்குத்தான் போகிறது’ என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது. பிறகு மேடம் பாஸ்வேர்டு போட வேண்டும். முதல் தடவை தப்பு. இரண்டாவது தடவையும் தப்பு. மூன்றாவது தடவை திறந்தது. வரி மறைந்து, அந்த இடம் வெறும் வெள்ளையாக நின்றது.

புதுத் தாளை மூன்றாம் தடவையாக வாசித்தோம். மாஹிர் கையெழுத்துப் போட்டார். பதினொன்று நாற்பது. நான் கிடங்குக்கு ஓடினேன். முனியசாமி ஃபோர்க்லிஃப்டில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“உரிக்கலாமாண்ணே?”

“நான்தான் உரிக்கணும். எங்க வீட்டம்மா உத்தரவு” என்றேன். ஆறு வருஷத்து டேப், பிசின் காய்ந்து விடமாட்டேன் என்றது. நகத்தால் சுரண்டி உரித்து, உருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். முனியசாமி பெட்டியைத் தூக்கி, பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி லாரியில் இறக்கினார். “நேத்துக்கூடச் சுத்திப் பாத்தேண்ணே, ஒரு விரல்ல சுத்துது” என்றார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லாரி கேட்டைத் தாண்டியது. “யல்லா, போலாம்” என்று முனியசாமி கையைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். ரீம் மேடம் அன்றைக்குத்தான் மாஹிர் கொண்டுவந்த புது பக்லாவாவில் ஒரு துண்டைத் தின்றார்.

ஆனால் எங்கள் தொழிலில் லாரி போனதோடு ஃபைல் மூடாது. சரக்கைப் பெற்றவர் கையெழுத்துப் போட்ட ரசீது திரும்பி வந்தால்தான் மூடலாம். எனக்கு ஓய்வு பெற மூன்று வாரம் இருந்தது. மேசையில் இருந்த எல்லா ஃபைலையும் ஜாஸ்மினிடம் ஒப்படைத்தேன். அந்த ஒன்றை மட்டும் கொடுக்க மறுத்துவிட்டேன். “சார், நான் பாத்துக்க மாட்டேனா?” என்றாள். “பாத்துக்குவம்மா. ஆனா இதைத் தர மாட்டேன்” என்றேன். லாரி ஜோர்டான் எல்லையில் ஐந்து நாள் நின்றது. பிறகு இரண்டு நாள் தகவலே இல்லை. மாஹிரும் போனை எடுக்கவில்லை. வீட்டில் ஸ்டெல்லா பெட்டிகளைக் கட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பாள்.

என் கடைசி நாளுக்கு முந்திய நாள் காலையில் ரசீது வந்தது. ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள். நான் திறக்கப்போனேன். மேடம் எழுந்து வந்து என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அச்சடித்த நகலை முன்னால் வைத்து, ஸ்கேலை எடுத்தார், பென்சிலை எடுத்தார்.

“வாசிங்க, மைக்கேல்.”

தலைப்பை வாசித்தேன். அனுப்பியவர் பெயரை, பெறுபவரான ஆஸ்பத்திரியின் பெயரை, பொருளின் பெயரை வாசித்தேன். பெற்றுக்கொண்டவர், தலைமை நர்ஸ் ஹனான். கையெழுத்து, ஆஸ்பத்திரி முத்திரை. அதற்குக் கீழே ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. சரக்கு நல்ல நிலையில் கிடைத்தது என்று எழுதுவார்கள், இல்லையென்றால் காலியாக விட்டுவிடுவார்கள். ஹனான் அதில் தன் கையால், ஆங்கிலப் பெரிய எழுத்தில், இரண்டு வரி எழுதியிருந்தாள். மாஹிர்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

இந்தத் தடவை நான் வேகமாக வாசிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் என் காதாலேயே கேட்டுக் கேட்டு வாசித்தேன்.

“இந்தச் சரக்கு நேராகச் சிரியாவுக்கு வந்து சேர்ந்தது என்று உறுதி கூறுகிறேன். இன்று ஆறு மெஷினும் ஓடுகின்றன. யாரையும் திருப்பி அனுப்பவில்லை.”

மேடம் அந்த வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, டிக் போட்டார்.